விண்மீன்கள் பிறக்கும் நடுவிடம்

விண்மீன்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கின்றன. வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். வானம் என்றோ முடிந்துபோன ஒரு காரியம் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அப்படியல்ல. நாம் வாழும் பால்வீதியில் மட்டும், ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஒன்று அல்லது இரண்டு சூரியன்களின் திணிவுக்குச் சமமான வாயு புதிய விண்மீன்களாக மாறுகிறது.

ஆனால் இந்தப் பிறப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடப்பதில்லை. வானில் சில விசித்திரமான விண்மீன் மண்டலங்கள் உள்ளன. அவற்றின் நடுப்பகுதியில், மிகச் சிறிய ஓர் இடத்துக்குள், புதிய விண்மீன்கள் கூட்டங்கூட்டமாகப் பிறக்கின்றன. ஏன் நடுவிலே? அவ்வளவு மூலப்பொருளை அங்கே கொண்டு சேர்ப்பது எது? மூலப்பொருள் குவிந்து கிடந்தும் விண்மீன்கள் அதிகம் பிறக்காத நடுவிடங்களும் இருக்கின்றனவே, அது எதனால்? இம்மூன்று கேள்விகளையும் நம் மாணவிகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

நமக்குப் புதிய துறை அல்ல

பிறை பார்த்து மாதம் தொடங்குபவர்கள் நாம். சூரியனின் நிலையைக் கொண்டு தொழுகை நேரத்தைக் கணிப்பவர்கள் நாம். குர்ஆனில் நட்சத்திரத்தின் பெயரால் ‘அந்நஜ்ம்’ என்றொரு ஸூரா இருக்கிறது. ‘அல்புரூஜ்’, ‘அத்தாரிக்’ ஆகிய ஸூராக்களின் பெயர்களும் வானத்தைச் சார்ந்தவையே. வானத்தைக் கவனித்துப் பார்ப்பது நம் முன்னோருக்கு வணக்கத்தோடு சேர்ந்த ஒரு பழக்கமாக இருந்தது.

இன்று உலகம் முழுவதும் வழங்கும் விண்மீன் பெயர்கள் பல அரபு மொழியிலிருந்து வந்தவை. அல்தபரான் என்றால் பின்தொடர்வது. ரிஜெல் என்றால் பாதம். அல்தாயிர் என்றால் பறப்பது. பாரசீக நாட்டு வானியலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 964 ஆம் ஆண்டளவில் எழுதிய நிலையான விண்மீன்கள் பற்றிய நூலில், அந்திரமேதா உடுத்தொகுதியில் ஒரு சிறு மேகம் தெரிவதைக் குறித்து வைத்தார். அது மேகமல்ல, ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு தூரத்திலுள்ள இன்னொரு விண்மீன் மண்டலம் என்பது 20 ஆம் நூற்றாண்டில்தான் உறுதியானது. நமக்குக் கிடைத்துள்ள பதிவுகளில், பால்வீதியைப் போன்ற வேறொரு பெரிய மண்டலத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு அதுவே.

விண்மீன் மண்டலம் என்பது கோடானுகோடி விண்மீன்களும் வாயுவும் தூசியும் ஈர்ப்பினால் கட்டுண்டு ஒன்றாகச் சுழலும் பெருந்தொகுதி. பாடநூலில் கலக்சி என்றும் படித்திருப்பீர்கள். இக்கட்டுரையில் அதைச் சுருக்கமாக மண்டலம் என்றே எழுதுகிறேன்.

கொழுந்து வாடினால்தான் தேயிலை

ஒரு விண்மீன் பிறப்பதற்குத் தேவையான பொருள் ஐதரசன் வாயு. அதனோடு ஹீலியமும் சிறிதளவு தூசியும் கலந்திருக்கும். இந்த வாயு பெரும் மேகங்களாக விண்வெளியில் மிதக்கிறது. மேகத்தின் சொந்த ஈர்ப்பு அதைச் சுருக்கப் பார்க்கும். உள்ளிருக்கும் வெப்பமும் கொந்தளிப்பும் அதை விரிக்கப் பார்க்கும். இந்த இழுபறியில் ஈர்ப்பு வென்றால்தான் விண்மீன் பிறக்கும். ஆகவே மேகம் முதலில் குளிர வேண்டும். விண்மீன் பிறக்கும் மேகங்களின் உள்ளே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 260 பாகை செல்சியஸ்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைத் தேயிலைத் தொழிற்சாலையை வைத்துச் சொல்வேன். மலையிலிருந்து வந்த பச்சைக் கொழுந்தை அப்படியே உருட்டும் இயந்திரத்தில் போடுவதில்லை. பரப்பிவைத்துக் காற்றுச் செலுத்தி வாட்டுவார்கள். ஈரம் குறைந்து வாடிய பிறகுதான் அது உருட்டுவதற்கு இணங்கும். கொழுந்து எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது ஒரு கணக்கு. அது வாடிவிட்டதா என்பது வேறொரு கணக்கு. கொழுந்து ஈரத்தை இழக்க வேண்டியதைப் போல வாயு தன் வெப்பத்தையும் கொந்தளிப்பையும் இழக்க வேண்டும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

குளிர்ந்த மேகம் துண்டு துண்டாக உடைந்து சுருங்கும்போது, ஒவ்வொரு துண்டின் நடுவும் மெல்ல மெல்லச் சூடாகும். அந்த வெப்பம் ஏறத்தாழ ஒரு கோடி பாகையை எட்டியதும் ஐதரசன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறத் தொடங்கும். அப்போது அது விண்மீன்.

இப்படிப் பிறப்பவற்றில் சூரியனைப் போன்றவை ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் வாழும். மிகப் பெரியவையோ நீல நிறத்தில் கடுமையாக எரிந்து, சில பத்து இலட்சம் ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். ஆகவே ஓரிடத்தில் பெரிய நீல விண்மீன்கள் தெரிந்தால், அங்கே விண்மீன் பிறப்பு அண்மையில்தான் நடந்திருக்கிறது என்று பொருள். அவற்றின் கடும் ஒளி, சுற்றியுள்ள ஐதரசனைச் சிவப்பாக ஒளிரச் செய்யும். தூரத்து மண்டலம் ஒன்றில் விண்மீன் பிறக்கும் இடத்தை வானியலாளர்கள் கண்டுபிடிப்பது இத்தகைய அடையாளங்களைக் கொண்டுதான்.

சிங்கத்தின் கண்ணருகே

சிம்ம உடுத்தொகுதியில், சிங்கத்தின் முகப்பகுதியில் அல்தர்ஃப் என்றொரு விண்மீன் இருக்கிறது. அதுவும் அரபுப் பெயரே. சிங்கத்தின் பார்வை என்று பொருள்படும். அதற்கு அருகில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு மண்டலத்தை 1784 இல் வில்லியம் ஹெர்ஷல் தொலைகாட்டியில் கண்டார். இன்று அதன் பெயர் என்.ஜி.சி. 2903. தூரம் ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டு.

சாதாரண மண்டலம் ஒன்றின் நடுப்பகுதி முதிய விண்மீன்கள் நிறைந்து, மஞ்சள் நிறத்தில், சீராக ஒளிரும். என்.ஜி.சி. 2903 இன் நடுவோ அப்படி இல்லை. தஸ்பீஹ் மணிகளைப் போலப் பிரகாசமான புள்ளிகள் அங்கே சிதறித் தெரிகின்றன. அமெரிக்க வானியலாளர் வில்லியம் மோர்கன் 1958 இல் இத்தகைய நடுவிடங்களைத் தனி வகையாகச் சுட்டிக்காட்டினார்.

அடுத்த முக்கிய அடி ஆர்ஜென்டினாவில் எடுத்து வைக்கப்பட்டது. ஹோசே லூயிஸ் செர்சிக் என்ற வானியலாளரும், அப்போது தம் இருபதுகளில் இருந்த மிரியானி பஸ்தோரிசா என்ற இளம் பெண்ணும் தென் வானத்தில் இத்தகைய விசித்திர நடுவிடங்களைத் தேடித் தொகுத்து, 1965 இலும் 1967 இலும் கட்டுரைகள் வெளியிட்டனர். பெரு நகரங்களிலிருந்து ஒதுங்கிய ஒரு மாகாணத்தில் பிறந்த பஸ்தோரிசா பின்னாளில் பிரேசிலில் பணியாற்றி, ஒரு தலைமுறை வானியலாளர்களை உருவாக்கினார். இவ்வகை மண்டலங்களை இன்றும் செர்சிக்–பஸ்தோரிசா மண்டலங்கள் என்று அழைப்பதுண்டு.

அவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். நடுவில் ஒளிப்புள்ளிகள் உள்ள மண்டலங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான உருவம் கொண்டவை. அவற்றின் சுருள் கைகள் நடுவிலிருந்து நேராகப் புறப்படுவதில்லை. நடுவில் விண்மீன்களாலான நேரான ஒரு பட்டை குறுக்கே கிடக்கிறது. அந்தப் பட்டையின் இரு முனைகளிலிருந்தே கைகள் சுருண்டு செல்கின்றன. நடுவில் விண்மீன் பிறப்பதற்கும் இந்தப் பட்டைக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும்.

நமக்கு அருகில், தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரிலும் இத்தகைய நடுவிடங்கள் ஆராயப்பட்டுள்ளன. அங்கே 1972 இல் 1 மீற்றர் தொலைகாட்டியும், 1986 இல் 2.34 மீற்றர் தொலைகாட்டியும் நிறுவப்பட்டன. காவலூர் வானாய்வகத்தை நடத்துவது பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். 2019 இல் அதன் பணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் அன்னபூரணி சுப்பிரமணியம் என்ற பெண் வானியலாளர்.

பட்டை செய்யும் வேலை

மலையில் பெய்த மழை கான் வழியே ஓடையில் சேர்ந்து, ஓடை ஆற்றில் சேர்ந்து, கடைசியில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நிற்பதை நாம் அறிவோம். மண்டலத்திலுள்ள வாயுவும் இப்படியே நடுவை நோக்கி வழிந்து ஓடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அது அவ்வளவு இலகுவாக விழாது. பூமி சூரியனைச் சுற்றுவதால்தான் சூரியனில் விழாமல் இருக்கிறது. அதேபோல மண்டலத்தின் வாயுவும் நடுவைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உயர்தர பௌதிகவியல் மாணவிகள் கோண உந்தம் என்று படிப்பது இதைத்தான். சுழலும் பொருள் அந்த உந்தத்தை எதற்காவது கொடுத்தாலன்றி உள்ளே வர முடியாது.

பட்டை அந்த உந்தத்தை வாங்கிக்கொள்கிறது. நீண்ட பட்டையின் ஈர்ப்பு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால் வட்டப் பாதையில் போய்க்கொண்டிருந்த வாயு பாதை மாறி, பட்டையின் ஓரமாக வேறு வாயுவோடு மோதுகிறது. மோதலில் தன் வேகத்தையும் கோண உந்தத்தையும் இழந்து உள்நோக்கிச் சரிகிறது. பட்டையுள்ள மண்டலங்களின் படங்களில் பட்டையின் நெடுக்கே இரண்டு கரிய தூசிக் கோடுகள் தெரியும். வாயு உள்ளே இறங்கும் கான்கள் அவை.

இறங்கும் வாயு முழுவதும் நடுப்புள்ளி வரை போய்விடுவதில்லை. ஓரளவு தூரம் சென்றதும் மீண்டும் வட்டப் பாதைக்குத் திரும்பி, ஒரு வளையமாகத் தேங்கி நிற்கிறது. தேங்கத் தேங்க அடர்த்தி கூடுகிறது. அடர்ந்த வாயு குளிர்ந்து, உடைந்து, விண்மீன் கொத்துகளாகிறது. என்.ஜி.சி. 2903 இன் நடுவில் தெரியும் புள்ளிகள் இப்படிப் பிறந்தவையே. ஏறத்தாழ 2,000 ஒளியாண்டு அகலமுள்ள வளையத்தில் அவை அமைந்திருக்கின்றன. அம்மண்டலத்தின் முழு அகலத்தோடு ஒப்பிட்டால், ஒரு பெரிய தோட்டத்தின் நடுவே ஒரு லயத்தின் அளவு இடம்தான் அது.

வாரிச் சேர்க்கும் வேலைக்கு மறுபக்கமும் உண்டு. அதே சிம்மத்தில் மெஸ்ஸியே 95 என்ற மற்றொரு பட்டை மண்டலம் இருக்கிறது. 2019 இல் இந்திய ஆய்வாளர்கள் அதைப் பற்றி வெளியிட்ட கட்டுரை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. நடுவளையத்தில் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. பட்டைக்கு வெளியேயும் பிறக்கின்றன. இடையில் பட்டை கிடக்கும் பகுதியில் மட்டும் பிறப்பு ஏறத்தாழ நின்றுவிட்டது. அங்கிருந்த வாயு நடுவுக்கு அள்ளிச் செல்லப்பட்டுவிட்டது. நடுவின் செழிப்பு, இடைப்பகுதியின் வறட்சியால் வந்தது.

அயலவர் வந்து போனால்

நடுவில் வாயு சேர்வதற்குப் பட்டை ஒன்றே வழியல்ல. பக்கத்தில் ஒரு பெரிய மண்டலம் கடந்து சென்றாலும் அதன் ஈர்ப்பு எல்லாவற்றையும் கலக்கிவிடும். அமெரிக்க வானியலாளர் ஹால்டன் ஆர்ப் 1966 இல் வெளியிட்ட விசித்திர மண்டலங்களின் படத்தொகுப்பில் 338 பதிவுகள் உள்ளன. அவற்றில் 337 ஆவது மெஸ்ஸியே 82.

ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் ஒளியாண்டு தூரத்திலுள்ள இம்மண்டலம் பால்வீதியை விடச் சிறியது. ஆனாலும் அதன் நடுப்பகுதியில் மட்டும், பால்வீதி முழுவதிலும் பிறப்பதைவிடச் சுமார் பத்து மடங்கு வேகத்தில் விண்மீன்கள் பிறக்கின்றன. அயலிலுள்ள மெஸ்ஸியே 81 என்ற பெரிய மண்டலம் முன்னொரு காலத்தில் அருகே வந்து இழுத்ததன் விளைவு அது.

இந்த வேகம் நீடிக்காது. பிறந்த பெரிய விண்மீன்கள் விரைவில் வெடித்து மடிகின்றன. வெடிப்புகளின் வலிமை, மீதமிருக்கும் வாயுவைச் சூடாக்கி மண்டலத்துக்கு வெளியே ஊதித் தள்ளுகிறது. மெஸ்ஸியே 82 இன் நடுவிலிருந்து மேலும் கீழும் பீறிட்டெழும் சிவந்த வாயுவைப் படங்களில் காணலாம். அதிவேகப் பிறப்பு தன் மூலப்பொருளைத் தானே தீர்த்துவிடுகிறது.

2014 ஜனவரி 21 அன்று இலண்டனில் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர், நான்கு மாணவர்களுக்கு 35 சென்ரிமீற்றர் தொலைகாட்டியைக் கையாளக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேகம் சூழத் தொடங்கியதால், பிரகாசமான மெஸ்ஸியே 82 இன் பக்கம் அவசரமாகத் திருப்பினார். அங்கே முன்பு இல்லாத ஒரு விண்மீன் தெரிந்தது. பல பத்தாண்டுகளில் நமக்கு மிக அருகே நடந்த விண்மீன் வெடிப்புகளில் ஒன்று அது. மேகம் மூடும் வானத்தின் கீழிருந்தும் கண்டுபிடிப்பு நிகழும் என்பதை, பனிமூட்டத்தோடு வாழும் நாம் மறக்கக் கூடாது.

நம் வீட்டின் நடுவிடம்

இனி நமது பால்வீதிக்கு வருவோம். இதன் நடுவிலும் ஒரு பட்டை உண்டு. நாம் அந்த நடுவிலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறோம். மிக நடுவே சூரியனைப் போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு திணிவுள்ள கருந்துளை இருக்கிறது. அதைச் சூழ்ந்த சில நூறு ஒளியாண்டுப் பகுதியில், சில கோடிச் சூரியன்களுக்குச் சமமான அடர்ந்த வாயு குவிந்திருக்கிறது. பட்டை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

ஆயினும் விண்மீன்கள்? அவ்வளவு அடர்ந்த வாயுவுக்கு எதிர்பார்ப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பிறக்கின்றன. அங்கே ‘செங்கல்’ என்று வானியலாளர் பெயரிட்ட ஒரு கரிய மேகம் உண்டு. ஒரு இலட்சம் சூரியன்களுக்கு மேற்பட்ட திணிவு அதில் இருக்கிறது. விண்மீன் பிறப்போ அதற்குள் ஏறத்தாழ இல்லை.

இங்கேதான் வாடாத கொழுந்தை நினைக்க வேண்டும். பால்வீதியின் நடுவிலுள்ள வாயு சாதாரண மேகங்களைவிடச் சூடானது. அதன் கொந்தளிப்பும் மிக அதிகம். வலிய காந்தப்புலங்கள் அதை ஊடுருவி நிற்கின்றன. நடுவின் ஈர்ப்பு அதைப் பிய்த்து இழுக்கிறது. வாயு நிறைய இருக்கிறது. சுருங்குவதற்கான அமைதி இல்லை. இது நிரந்தர நிலையல்ல என்றும் சில ஆய்வாளர் கருதுகின்றனர். வாயு சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் பிறப்பு திடீரெனப் பெருகும், பின் அடங்கும், மீண்டும் சேரும். நாம் இப்போது அடங்கிய காலத்தைப் பார்க்கிறோம் என்பது அவர்கள் எண்ணம். முடிவான விடை இன்னும் எட்டப்படவில்லை. என்.ஜி.சி. 2903 ஐயும் மெஸ்ஸியே 82 ஐயும் இவ்வளவு நுணுக்கமாக ஆராய்வதற்கு ஒரு காரணம், நம் வீட்டின் நடுவிடத்தை விளங்கிக்கொள்வதே.

இதனால் நமக்கு என்ன?

பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. நம் குருதியிலுள்ள இரும்பும் எலும்பிலுள்ள கல்சியமும் நாம் சுவாசிக்கும் ஒட்சிசனும் விண்மீன்களுக்குள்ளும் அவற்றின் வெடிப்புகளிலும் உருவானவை. இலண்டன் மாணவர்கள் கண்ட வெடிப்பின் வகையே அண்டத்திலுள்ள இரும்பின் பெரும்பகுதியைத் தருகிறது. இறைவன் நம்மைப் படைத்த மண்ணுக்கும் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது என்பதை அறிவது வீண்வேலையல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “பொம்புளப் புள்ளைக்கு பௌதிகவியல் எதுக்கு?” என்ற பேச்சை மலையகத்தில் இன்றும் கேட்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் நம்மிடம் குறைவில்லை. அவர்கள் அமைதியாக இருந்து படிக்க ஒரு மேசை, ஒரு விளக்கு, தண்ணீர் அள்ளவும் தம்பியைப் பார்க்கவும் அவளையே கூப்பிடாத இரண்டு மணி நேரம் வேண்டும். உம்மா வாப்பாமாரிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

றொசல்லவிலிருந்து பார்க்க

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே இருக்கும் நமக்கு, மழை பெரும் தடை. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை தெளிந்த இரவுகள் கிடைக்கும். இவ்வாண்டுகளில் ரமழானும் பெப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டியே வருகிறது. மார்ச் மாதத்தில் தராவீஹ் முடிந்து வரும்போது தலைக்கு மேலே சற்று வடக்காகப் பாருங்கள். சிம்மத்தின் தலை அரிவாள் போல வளைந்து தெரியும். அதன் முன்னே அல்தர்ஃப். அதற்குச் சற்றுத் தெற்கே என்.ஜி.சி. 2903. சிறிய தொலைகாட்டி இருந்தால் மங்கிய ஓர் ஒளித்தீற்றலாகத் தெரியும். அதே நேரம் வடக்கே, தாழ்ந்த வானில், மலை மறைக்காவிட்டால் மெஸ்ஸியே 82 இருக்கும் திசை.

பிறகு ஸஹருக்கு எழும்போது தென்கிழக்கைப் பாருங்கள். விருச்சிகத்தின் வாலுக்கும் தனுசுக்கும் இடையே பால்வீதி தடித்து வெளுத்திருக்கும். நமது மண்டலத்தின் நடுவிடம் அத்திசையில்தான். நில நடுக்கோட்டுக்கு அருகே வாழ்வதால் வடக்கேயுள்ளதும் தெற்கேயுள்ளதும் ஒரே இரவில் நமக்குக் கிடைக்கின்றன. ஐரோப்பாவின் வட பகுதியில் இருப்பவருக்கு அந்த நடுவிடம் அடிவானத்தை ஒட்டியே நின்றுவிடும்.

மொரட்டுவ, கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளாக் நிறுவனத்தில் ஜப்பான் அரசு 1996 இல் அன்பளித்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. கல்லூரிச் சுற்றுலாவை ஒருமுறை அந்தப் பக்கம் ஒழுங்கு செய்யலாம். அதுவரை, முற்றத்து விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கண்களைப் பழக்கினால் போதும். பால்வீதியின் நடுவிடம் ஏன் அடங்கிக் கிடக்கிறது என்ற கேள்விக்கு முழு விடை இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதுவோரில் நம் பிள்ளை ஒருத்தியும் இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.